ஃபைபர் படகில் ஜெல்கோட் பழுது: திறந்தவெளியில் இறுக வைப்பதும் மெருகேற்றுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. இப்படகுகள் கூரைக்குக் கீழே, அச்சுக்குள் பிறக்கின்றன. பழுதுபார்க்கப்படுவதோ வெட்டவெளி மணலில், கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் நடுவே. அச்சுக்குள் தானாக நடக்கும் பல காரியங்களை மணலில் நாம் கவனித்துச் செய்ய வேண்டியிருப்பதால், இவ்வேலையில் இறங்குவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஜெல்கோட் என்பது ஒருவகை பெயின்ட்தானே?

இல்லை. பெயின்ட் என்பது முடிந்த பொருளின் மேல் பிறகு பூசப்படுவது. ஜெல்கோட்டோ, நிறமியும் கெட்டிப்படுத்தும் பொடியும் சேர்த்த பாலியெஸ்டர் ரெசின். படகு கட்டும்போது அச்சின் உட்புறத்தில் முதலில் பூசப்படுவது அதுதான். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் அது படிந்த பிறகே அதன் முதுகில் கண்ணாடி இழை விரிப்பும் (மேட்) ரெசினும் அடுக்கப்படுகின்றன. அச்சிலிருந்து படகைக் கழற்றும்போது நாம் பார்க்கும் பளபளப்பான வெளிப்பரப்பு, இறுகும் நேரம் முழுவதும் அச்சோடு ஒட்டி, காற்றே படாமல் இருந்த பரப்பாகும்.

பழுதுவேலையில் இந்த நிலை தலைகீழாகிறது. புதிதாகப் பூசிய ஜெல்கோட்டின் முதுகு படகோடு ஒட்டியிருக்க, முகம் காற்றைப் பார்த்து நிற்கிறது. இப்பக்கத்தில் பேசப்படும் தொல்லைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே தோன்றுகின்றன.

பூசி ஒரு நாள் முழுதாக ஆகியும் மேற்பரப்பு பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இன்னும் எத்தனை நாள் காய விட வேண்டும்?

எத்தனை நாள் விட்டாலும் அது காயாது, ஏனென்றால் ஜெல்கோட் காய்கிற பொருளே அன்று. துணி காய்வதும் கருவாடு காய்வதும் ஈரம் வெளியேறுவதால் நடப்பவை. அவற்றுக்குக் காற்றும் வெயிலும் நண்பர்கள். ஜெல்கோட் இறுகுவது வேதிவினையால். வினையைத் தொடங்கி வைக்கும் கேட்டலிஸ்ட் என்னும் திரவத்தைச் சேர்த்தவுடன் ரெசினும் அதிலுள்ள ஸ்டைரீன் என்னும் திரவமும் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணையத் தொடங்குகின்றன. அந்தப் பிணைப்பை நடத்திச் செல்லும் துடிப்பான மூலக்கூற்றுத் துண்டுகளை, காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் வைத்தே பிடித்து முடக்கிவிடுகிறது. ஆகவே உள்ளே கல்லாக இறுகியிருக்கும் பூச்சின் மேல்தோல் மட்டும் பாதி இறுகிய நிலையில் நின்றுவிடுகிறது. 'இன்னும் காயவில்லை' என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சொல்லே நம்மைத் தவறான வழியில் அனுப்புகிறது: காயவில்லை என்று எண்ணிப் படகை இன்னும் நன்றாகக் காற்றுப் படும்படி திருப்பி வைக்கிறோம்.

நானும் அப்படிச் செய்தவன்தான். முதன்முதலில் பூசிய ஒரு கையகல ஒட்டை, நல்ல காற்றோட்டமான இடம் என்று தேர்ந்து, படகைக் கவிழ்த்துக் கடலைப் பார்க்க வைத்துவிட்டு வீடு போனேன். மறுநாள் காலையில் அதன்மேல் சோளமாவு தூவியதைப்போல் மணல் படிந்திருந்தது. நடுவில் ஒரு காக்கையின் காலடி மூன்று விரலும் ஒரு பின்விரலுமாக அச்சு எடுத்ததைப்போல் பதிந்திருந்தது. விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, காகிதக் கனத்துக்குப் பசை வந்தது. அதற்குக் கீழே நகம் இறங்கவில்லை. தவறு கேட்டலிஸ்டில் இல்லை, காற்றில் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

அப்படியானால் பூசிய இடத்தைக் காற்றிலிருந்து எப்படி மறைப்பது?

மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றில் கடற்கரைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, சிறிய பழுதுகளுக்குத் தாள் போர்த்தும் வழியே. முன்பு வகுப்பறைகளில் பயன்பட்ட ஓ.எச்.பி. தாள் இதற்கு மிகப் பொருத்தமானது. அது பாலியெஸ்டரால் ஆனதால் ஸ்டைரீன் அதைக் கரைப்பதில்லை, இறுகிய ஜெல்கோட்டும் அதில் ஒட்டுவதில்லை. தட்டையான இடத்திலும் ஒருபக்கமாக மட்டும் வளையும் இடத்திலும் அதை வைத்தால் கண்ணாடிபோன்ற பரப்புக் கிடைக்கும், தேய்க்கும் வேலையும் பாதியாகக் குறையும். படகின் முன்முனையான அணியத்தைப்போல் இருபக்கமும் வளைந்த இடங்களில் அது படியாது. அங்கே மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்துப் பிடித்து ஒட்டலாம். தாளைப் பழுதைவிட நான்கு பக்கமும் மூன்று விரல் அகலம் கூடுதலாக வெட்டிக்கொண்டு, ஒரு விளிம்பை முதலில் டேப்பால் ஒட்டி, அங்கிருந்து மறுவிளிம்பு நோக்கிப் பாய் விரிப்பதைப்போல் மெல்லப் படிய விட்டு, பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துக் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ள வேண்டும். ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் அந்த வட்டம் மட்டும் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

இரண்டாவது வழி, மெழுகுக் கரைசல். ஸ்டைரீனில் கரைத்த பாரஃபின் மெழுகைக் கடைசிப் பூச்சில் சிறிதளவு கலந்துவிட்டால், ரெசின் இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து ஒரு மெல்லிய மூடியாகப் படிந்துகொள்ளும். பெரிய பரப்புகளுக்கு இதுவே ஏற்றது. கடைசிப் பூச்சில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மெழுகு படிந்த பூச்சின்மேல் அடுத்த பூச்சு பிடிக்காது. தேய்த்து நீக்கிய பிறகே பூச முடியும். கலவை அளவு உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுவதால் டப்பாவில் எழுதியிருப்பதைப் பின்பற்ற வேண்டும். வாங்கும்போதே, 'இதில் மெழுகு கலந்திருக்கிறதா, இல்லையா' என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. படகு கட்டுவதற்கான ஜெல்கோட்டில் பொதுவாக மெழுகு இருக்காது.

மூன்றாவது, அச்சு வேலையில் பயன்படும் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) திரவத்தைப் பூச்சின்மேல் தெளித்து ஒரு படலத்தை உண்டாக்குவது. கூரைக்குள் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் இப்படலம் நீரில் கரையக்கூடியது. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது சரியாக உலர்வதில்லை, இரவுப் பனியில் கரைந்தும் போகிறது. தூரிகையால் பூசினால் கீழுள்ள ஜெல்கோட்டும் கலைந்துவிடும் என்பதால் தெளிப்பான் இல்லாதவர்கள் இதை நாட வேண்டாம்.

ஏற்கெனவே பிசுபிசுப்பாகிவிட்ட பூச்சைக் காப்பாற்ற முடியுமா?

மேல்தோல் மட்டும் ஒட்டுகிறதா, பூச்சு முழுவதுமே மெத்தென்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அசிட்டோன் நனைத்த துணியால் பிசுபிசுப்பைத் துடைத்து எடுத்தால் அடியில் கடினமான பரப்புத் தென்படுமானால், கவலையில்லை. அதை 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தேவைப்பட்டால் இன்னொரு பூச்சுக் கொடுத்து இம்முறை மூடி வைக்கலாம். துடைக்காமல் நேராகத் தேய்க்கத் தொடங்கினால் நான்கு இழுப்பில் தாள் அடைத்துக்கொண்டு வீணாகிவிடும்.

நகம் உள்ளே இறங்கும் அளவுக்குப் பூச்சு முழுவதும் மென்மையாக இருந்தால், கேட்டலிஸ்ட் குறைந்திருக்கிறது அல்லது சரியாகக் கலக்கப்படவில்லை என்று பொருள். மேலே கேட்டலிஸ்டைத் தடவுவது, வெப்பம் காட்டுவது போன்ற கைவைத்தியங்களை விட்டுவிட்டு, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் முறை.

கேட்டலிஸ்ட் எவ்வளவு சேர்க்க வேண்டும்? வெயில் காலத்தில் குறைத்துக்கொள்ளலாமா?

நம் ஊரில் கேட்டலிஸ்ட் அல்லது ஹார்டனர் என்று கடையில் தரப்படுவது பெரும்பாலும் எம்.இ.கே.பி. என்னும் கரிமப் பெராக்சைடு. ஜெல்கோட்டின் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை என்பது வழக்கமான அளவு. 50 கிராம் ஜெல்கோட்டுக்கு 1.5 சதவீதம் என்றால் 0.75 கிராம், அது ஏறத்தாழ 0.7 மில்லிலிட்டர். இந்த அளவை மூடியில் ஊற்றியோ துளி எண்ணியோ சரியாகப் பிடிக்க முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 2 மி.லி. ஊசிக்குழலும், நகைக்கடைத் தராசைப் போன்ற சிறு மின்னணுத் தராசும் இருந்தால் போதும். ஊசியை நீக்கிவிட்டுக் குழலை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

வெப்பம் 10 பாகை (டிகிரி செல்சியஸ்) கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். 25 பாகையில் நிதானமாகப் பூச நேரம் தரும் கலவை, 38 பாகையில் தூரிகையிலேயே கட்டியாகிவிடும். ஆகவே அளவைக் குறைப்பது சரிதான். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே போனால் மெதுவாக இறுகும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது முழுமையாக இறுகாமலே நின்றுவிடும், அந்தக் குறை பிறகு எந்த வெயிலாலும் தீராது. மாறாக, அளவு 3 சதவீதத்தைத் தாண்டினால் வெள்ளை மஞ்சளாகிறது, பூச்சு நொறுங்கும் தன்மை பெறுகிறது. கோடையில் நேரம் வேண்டுமென்றால் கலவையின் அளவைக் குறைத்து, பூசும் வேளையை மாற்றிக்கொள்வதே சரியான வழி. ஒரே தடவையில் அரைக் கிலோ கலக்காமல் 50 கிராம், 100 கிராமாகக் கலக்க வேண்டும். கலக்கும்போது கிண்ணத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், ஆனால் நுரை வராமல் மெதுவாகக் கிளற வேண்டும். வேகமாக அடித்துக் கலக்கிய காற்றெல்லாம் பிறகு ஊசித்துளைகளாக வெளிப்படும்.

கிண்ணத்தில் மீந்தது கல்லாகிவிட்டதே, படகில் பூசியதும் இறுகியிருக்கும் என்று கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொள்ளக் கூடாது. கிண்ணத்தில் திரண்டு கிடப்பது தன் சொந்தச் சூட்டிலேயே வேகமாக இறுகுகிறது; படகின்மேல் அரை மில்லிமீட்டராகப் பரந்திருப்பதோ அந்தச் சூட்டைக் காற்றுக்கும் படகுக்கும் இழந்துவிடுவதால் பின்தங்கியே வரும்.

ஆக்ஸிலரேட்டர் தனிப் புட்டியில் தருகிறார்கள். அதையும் கேட்டலிஸ்டையும் சேர்த்து ஊற்றலாமா?

ஒருபோதும் கூடாது. இறுகுவதை வேகப்படுத்தும், ஊதா நிறத்தில் இருக்கும் அந்தக் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரும் எம்.இ.கே.பி.யும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஆக்ஸிலரேட்டரை முதலில் ஜெல்கோட்டில் சேர்த்து நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பின்தான் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குழலையோ ஒரே குச்சியையோ பயன்படுத்தக் கூடாது. இரண்டு புட்டிகளையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு போவதும் தவறு. சில ஜெல்கோட்டுகளில் ஆக்ஸிலரேட்டர் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் மறுபடி சேர்த்தால் வெள்ளைப் பூச்சில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறும்.

எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கே கேடு விளையலாம் என்பதால் கண்ணாடி அணியாமல் அதன் மூடியைத் திறக்கக் கூடாது. தெறித்துவிட்டால் உடனடியாகக் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீர் வேலை நடக்கும் இடத்தில் குடத்தில் இருக்க வேண்டும். கடல்நீர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. சூடேறிப் புகையும் மிச்சக் கிண்ணத்தைப் படகுக்குள்ளோ வலைமேலோ வைக்காமல் வெறும் மணலில் தள்ளி வைக்க வேண்டும்.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் இறுகும் என்கிறார்களே?

வெப்பம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம் என்பதே சுருக்கமான விடை; ஆனால் அது முதல் நாளுக்கு மட்டும். நேர் வெயிலில் படகின் பரப்பு காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சுடும், அடர்நீலமும் பச்சையும் வெள்ளையைவிட அதிகமாகச் சுடும். அச்சூட்டில் பூசினால் ஸ்டைரீன் பிணைப்பில் சேரும் முன்பே ஆவியாகிப் போகிறது. வேகமாக இறுகும் பூச்சு சுருங்கி ஓரங்களில் விரிசல் விடுகிறது. மெழுகு கலந்த பூச்சாக இருந்தால் இன்னொரு கேடும் உண்டு. சூட்டில் மெழுகு கரைந்த நிலையிலேயே இருந்துவிடுவதால் மேலே வந்து மூடியாகப் படிவதில்லை. வெயிலில் வைத்தும் ஒட்டுகிறதே என்று கேட்பவர்கள் பலர். வெயிலில் வைத்ததால்தான் ஒட்டுகிறது.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பழுதுவேலைகள் அந்த நாள்களில்தான் குவிகின்றன. கத்திரி வெயிலும் அதற்குள்ளேயே வருகிறது. அப்போது பூச்சு வேலைக்கு ஏற்றது மாலை நான்கு மணிக்குப் பிற்பட்ட வேளை: பரப்பின் சூடு தணிந்திருக்கும், ஆனால் பனி இறங்க இன்னும் நேரம் இருக்கும். காலையில் பூசுவதென்றால் வெயில் ஏறும்முன் இறுகத் தொடங்கும்படி நேரம் கணித்துக்கொண்டு, தார்ப்பாயால் நிழல் கட்டிவிட வேண்டும். தார்ப்பாய் படகின்மேல் படாமல் ஒரு முழமாவது உயர்ந்து நிற்க வேண்டும்; தொட்டுக்கொண்டிருந்தால் காற்றில் ஆடி ஆடிப் பூச்சைத் துடைத்துவிடும்.

பூச்சு நகத்துக்குக் கடினமான பிறகு, மறுநாள், நிழலை எடுத்துவிடுங்கள். அப்போது வெயில் பெரிய உதவி. மீந்திருக்கும் பிணைப்புகள் அந்த இளஞ்சூட்டில் நடந்து முடிந்து பூச்சு மேலும் உறுதிப்படும்.

மழைக்காலத்தில் இவ்வேலையைச் செய்யலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தள்ளிப் போட முடிகிற வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது. வெப்பம் நம் கரையில் அரிதாகவே தடையாகிறது. 18 பாகைக்குக் கீழே ஜெல்கோட் சோம்பும் என்றாலும் நம் கடலோரத்தில் அவ்வளவு குளிர்வது அபூர்வம். தடையாவது ஈரம். ஈரமான பரப்பில் ஜெல்கோட் பிடிக்காது. இறுகும் முன்பு நீர் பட்டால் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். தோண்டிய இடத்தின் கண்ணாடி இழைகள் நீரைத் திரி போல் உறிஞ்சி வைத்திருக்கக் கூடும், அதைக் கையால் தொட்டு அறிய முடியாது. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: தோண்டிய இடத்தின்மேல் ஒரு துண்டுப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காய விட வேண்டும். ஆம், இங்கே மட்டும் 'காய' என்ற சொல் பொருத்தமானதே.

பூசுமுன் இடத்தை எப்படித் தயார் செய்வது?

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். உப்பின்மேல் பூசினால் அது காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாகும். பிறகு அசிட்டோனால் துடைத்து எண்ணெய், மெழுகு, மீன்கொழுப்பு ஆகியவற்றை நீக்கிவிட்டுத்தான் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும். வரிசை மாறித் தேய்த்துவிட்டுத் துடைத்தால், கொழுப்பைக் கீறல்களுக்குள் நாமே தேய்த்து ஏற்றியவர்களாவோம்.

மயிரிழைபோன்ற விரிசலின்மேல் அப்படியே பூசினால் உள்ளே இறங்காது. கூர்மையான சுரண்டியால் விரிசலை 'வி' வடிவத்தில் அகலப்படுத்தி, அதன் இரு முனைகளிலும் விரிசல் முடிந்த இடத்தைச் சற்றுத் தாண்டி எடுக்க வேண்டும். ஓரங்களை 80-ஆம் நம்பர் தாளால் சாய்வாகத் தேய்த்தால் புதுப்பூச்சுப் பிடித்துக்கொள்ளும். நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து பல பக்கமும் ஓடும் விரிசல்களைக் கண்டால் மட்டும் நின்று யோசியுங்கள். படகு எதிலாவது மோதி அவ்விடம் உள்ளே வளைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உட்புறத்தில் மேட் வைத்து வலுவூட்டாமல் வெளியே எத்தனை முறை பூசினாலும் அதே நட்சத்திரம் அதே இடத்தில் மீண்டும் உதிக்கும்.

பழைய பழுதில் எபாக்ஸி புட்டி (குழி நிரப்பும் பசை) வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஜெல்கோட் பூசலாமா?

தவிர்க்க வேண்டும். பாலியெஸ்டர் ஜெல்கோட், வேறுவகை ரெசினான எபாக்ஸியின்மேல் உறுதியாகப் பிடிப்பதில்லை. சரியாக இறுகாத எபாக்ஸியிலுள்ள அமீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் ஜெல்கோட் இறுகுவதையும் கெடுக்கின்றன. புட்டியைத் தோண்டி எடுத்துவிட்டுப் பாலியெஸ்டர் புட்டியால் நிரப்புங்கள். எடுக்க முடியாதென்றால் அவ்விடத்துக்கு ஜெல்கோட்டை விட்டுவிட்டு நல்ல கடல்வகைப் பெயின்ட் அடிப்பது மேல்.

எவ்வளவு கனமாகப் பூச வேண்டும்?

ஒரு பூச்சு அரை மில்லிமீட்டருக்கு அண்மையில் இருக்கலாம். மிக மெல்லிதாகப் பூசினால் முழுமையாக இறுகாது. அதன்மேல் அடுத்த பூச்சு வரும்போது அதிலுள்ள ஸ்டைரீன் கீழ்ப்பூச்சை ஊறவைத்து, முதலைத் தோலைப்போல் சுருங்க வைத்துவிடும். மிகக் கனமாகப் பூசினால் சூடேறி விரிசல் விடும். ஆழமான குழியை முதலில் புட்டியால் நிரப்பி, மேலே ஜெல்கோட்டுக்கு இடம் விட வேண்டும். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும் என்பதால் கடைசிப் பூச்சு சுற்றுப்புறத்தைவிடச் சற்று மேடாக நிற்க வேண்டும்; மட்டமாகப் பூசியது மறுநாள் பள்ளமாக இருக்கும். பூசுமுன் பழுதின் ஓரத்தில் ஒட்டிய டேப்பை, பூச்சு கெட்டிப்பட்டும் கல்லாகாமலும் ரப்பர்போல் இருக்கும் வேளையில் உரித்துவிட வேண்டும்.

இளக்குவதற்கு அசிட்டோனோ தின்னரோ சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். அவை பிணைப்பில் கலக்காமல் உள்ளே சிக்கிக்கொண்டு பூச்சை மென்மையாக்கும். தூரிகையால் பூச ஜெல்கோட்டின் இயல்பான கெட்டித்தன்மையே போதும்.

எப்போது தேய்க்கத் தொடங்கலாம்?

நம் வெப்பநிலையில் பெரும்பாலும் மறுநாள். நாள்கணக்கைவிடச் சோதனையை நம்புங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் சில விநாடி தேய்த்தால் பரப்பு ஒட்டக் கூடாது, துணியில் நிறமும் ஏறக் கூடாது. தேய்க்கும்போது வெண்பொடியாக வர வேண்டும். உருண்டை உருண்டையாகச் சுருண்டு வந்தால் ஒரு நாள் பொறுங்கள். மெழுகுப் பூச்சாக இருந்தால் தொடங்குமுன் சோப்புத் தண்ணீரால் மெழுகைக் கழுவிவிட வேண்டும்.

தேய்க்கும் முறை என்ன?

முதல் வேலை, பழுதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணலைத் துடைப்பது. கடற்கரையில் மெருகைக் கெடுக்கும் முதல் எதிரி மணல்தான். 1000-ஆம் நம்பர் தாளுக்கு அடியில் ஒரு மணல் சிக்கினால், அரை மணி நேர வேலையை ஒரே இழுப்பில் அழிக்கும் கீறலைப் போட்டுவிடும். வாளியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, நல்ல தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பை இரண்டு துளி விட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடங்கள் பள்ளமாகும். தட்டையான மரக்கட்டையில் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டிக்கொண்டு அதன்மேல் வாட்டர் பேப்பரை (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம்; கட்டை மட்டத்தைக் காக்கும், ரப்பர் வளைவுக்கு ஈடுகொடுக்கும். தொடங்குமுன் ஒட்டின்மேலும் சுற்றிலும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு அழிந்த இடம் மேடு, நிற்கும் இடம் பள்ளம். மேடான ஒட்டை 220-ஆல் இறக்கி, சுற்றுப்புறத்துக் கோடுகள் அழியத் தொடங்கியவுடன் நிறுத்திவிட்டு 400, 600, 800, 1000, 1200 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு நம்பரிலும் தேய்க்கும் திசையை முந்தையதற்குக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல் முழுதும் போயிற்றா என்பது கண்ணுக்கே தெரியும். 400-ஐத் தவிர்த்துவிட்டு 600-க்குத் தாவுபவர்கள், பஃபிங் (மெருகேற்றல்) முடிந்தபின் சாய்வெயிலில் 220-இன் கீறல்களை மறுபடி சந்திப்பார்கள். தண்ணீரைத் துடைத்து உலர்ந்த பரப்பைத்தான் சோதிக்க வேண்டும். ஈரப்பரப்பு எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

பழைய ஜெல்கோட் அரை மில்லிமீட்டர்தான் என்பதை மறக்க வேண்டாம். வலைப்பின்னல்போன்ற கண்ணாடி இழை நிழலாடத் தொடங்கினால் அங்கே ஜெல்கோட் தீர்ந்துவிட்டது.

பஃபிங்கை சாதாரண கிரைண்டரில் பஞ்சு மாட்டிச் செய்யலாமா?

அதைச் செய்து கெட்ட படகுகள் கரையில் நிறைய உள்ளன. சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றும். ஜெல்கோட் மெருகுக்கு 2,000-க்கு உட்பட்ட வேகமே போதும். வேகம் கூடினால் பரப்புக் கருகி மஞ்சளாகும். வேகம் மாற்றக்கூடிய பாலிஷர் இல்லையென்றால் கையால், பருத்தித் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசையை எடுத்துத் தேய்ப்பது மெதுவானாலும் கேடற்றது. பஞ்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கைவைத்துப் பார்த்தால் இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது. நிழலில், குளிர்ந்த பரப்பில் செய்ய வேண்டும், ஏனென்றால் வெயிலில் காம்பவுண்ட் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். முடிவில் ஒரு கை மெழுகு.

நிறம் சேரவில்லையே, என்ன செய்வது?

பெரும்பாலும் நிறம் மாறியிருப்பது ஒட்டில் அன்று, படகில். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட ஜெல்கோட் வெளுத்துச் சுண்ணாம்புபோல் பொடிந்திருக்கும். முதலில் சுற்றுப்புறத்தைக் காம்பவுண்டால் தேய்த்துப் பழைய நிறத்தை வெளிக்கொண்டு வந்துவிட்டு, அந்த நிறத்துக்கே கலவையைச் சேருங்கள். நிறமிப் பசையை 10 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் இறுகுவது கெடும். ஈரக்கலவையின் நிறம் இறுகியபின் சற்று மாறும் என்பதால், கேட்டலிஸ்ட் சேர்த்த ஒரு துளியை டேப்பின்மேல் இறுக விட்டு, அதைப் படகோடு வைத்து நிழலில் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வெள்ளையென்றால் இன்னும் கவனம் தேவை; கரையில் நிற்கும் பத்து வெள்ளைப் படகுகளில் இரண்டு ஒரே வெள்ளையாக இருப்பதில்லை.

படகை எப்போது கடலில் இறக்கலாம்?

நீர்மட்டத்துக்கு மேலுள்ள பழுதென்றால், நகச்சோதனையிலும் அசிட்டோன் சோதனையிலும் தேறிய மறுநாள் இறக்கலாம். நீருக்குள் நிற்கும் பகுதியென்றால் ஒரு வாரம் பொறுப்பது பாதுகாப்பானது. ஜெல்கோட் முழு உறுதி பெற ஏறத்தாழ அவ்வளவு நாள் பிடிக்கும். தினமும் கரைக்கு இழுத்து ஏற்றும் படகாக இருந்தால், மணலில் உராயும் ஏராப் பகுதியை (படகின் அடித்தண்டு) நீருக்குள் நிற்கும் பகுதியாகவே கணக்கிட வேண்டும். தொழிலுக்குப் போகாமல் ஒரு வாரம் என்பது சிறிய இழப்பு அன்று என்பதை அறிவேன். அதனால்தான் அடிப்பகுதிப் பழுதை, என்ஜின் வேலைக்காகவோ வலை வேலைக்காகவோ படகு எப்படியும் கரையில் நிற்கப்போகும் வாரத்தின் முதல் நாளிலேயே பூசிவிடச் சொல்கிறேன்.